தண்ணீரில் ஓடும் கணினி: ஒரு பாகப் பட்டியலின் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். கணினி பூட்ட ஆசைப்படும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

சென்ற வருடம் ஒரு பின்னேரம் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிப் பழுகாமம் போனோம். நாங்கள் என்றால், ஒரே பாடசாலையில் விஞ்ஞானமும் தகவல் தொழில்நுட்பமும் படிப்பிக்கும் இரண்டு ஆசிரியர்கள். எங்களிடம் படித்த ஒரு தம்பி கூப்பிட்டிருந்தான். இப்போது கல்யாண வீடியோ எடிட் பண்ணிப் பிழைக்கிறான். கட்டாரில் வேலை செய்யும் அவனுடைய அண்ணன் லீவில் வரும்போது கணினிச் சாமான்கள் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். பட்டியலைப் பார்த்துச் சரி பிழை சொல்லத்தான் எங்களை அழைத்தான்.

போனில் இருந்த படத்தைக் காட்டினான். கண்ணாடிப் பெட்டிக்குள் கணினி. உள்ளே நேர்கோடாகவும் வளைவாகவும் ஓடும் தெளிவான, விறைப்பான குழாய்கள். குழாய்க்குள் நீலத் தண்ணீர். பட்டியலில் பதினொரு சாமான்கள். எல்லாவற்றுக்குமான விலை, அண்ணனின் இரண்டு மாதச் சம்பளம்.

அவன் தெரிவு செய்திருந்தது மலிவான ஒரு செட். பக்கத்தில் நின்ற அவனுடைய மாமா கராஜ் வைத்திருப்பவர். போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரேடியேட்டர் அலுமினியம், மற்றது செம்பு. ரெண்டையும் ஒரே தண்ணியில விடப் போறாயா மகன்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் தொடங்கிய பேச்சு இருட்டும்வரை போனது. பேசப் பேச எங்களுக்கு ஒன்று விளங்கியது. அந்தப் பதினொரு சாமான்களில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் பட்ட நட்டம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் அதே நட்டத்தை நாமும் பட வேண்டியதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

*

முதலில், தண்ணீர் எதற்கு?

நம் ஊர்களில் இது புதிய விசயமே இல்லை. பழைய நெல் ஆலைகளில் என்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி நின்றதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். என்ஜினைச் சுற்றிச் சூடான தண்ணீர் தானாக மேலேறித் தொட்டிக்குப் போகும். ஆறிய தண்ணீர் கீழாக என்ஜினுக்குத் திரும்பி வரும். பம்பு கூடத் தேவையில்லை. வயலில் ஓடும் லேண்ட்மாஸ்டருக்குத் தண்ணீர் விடாமல் உழப் போனால் என்ன நடக்கும் என்று படுவான்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சாதாரண தர விஞ்ஞானத்தில் தன்வெப்பக் கொள்ளளவு என்று படிப்பிக்கிறோம். ஒரு லீற்றர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் கூட்ட ஏறக்குறைய 4200 ஜூல் வேண்டும். ஒரு லீற்றர் காற்றுக்கு 1.2 ஜூல் போதும். அதாவது அதே இடத்துக்குள் தண்ணீர் காற்றைப்போல 3500 மடங்கு சூட்டைச் சுமக்கிறது. கணினிக்குள் தண்ணீர் விடுவதற்கு இருக்கும் முழு நியாயமும் இந்த ஒரு கணக்குத்தான்.

*

தொடக்க காலக் கணினிகள் காற்றை நம்பித்தான் இருந்தன. 1945இல் அமெரிக்காவில் கட்டி முடிக்கப்பட்ட எனியாக் கணினியில் ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள் எரிந்துகொண்டிருந்தன. சுமார் 150 கிலோவாட் மின்சாரம் தின்றது. பெரிய காற்றாடிகளால் ஊதித்தான் அதை ஆற்றினார்கள்.

டிரான்சிஸ்டர் வந்ததும் சூடு குறைந்தது. ஆனால் வேகம் வேண்டும் என்று டிரான்சிஸ்டர்களை நெருக்கி அடுக்க, சூடு திரும்பி வந்தது. 1960களில் ஐபிஎம் நிறுவனம் செய்த சிஸ்டம்/360 மாடல் 91 என்ற பெரிய கணினியில் காற்றோடு தண்ணீரையும் சேர்த்துக்கொண்டார்கள். சூடான காற்று தண்ணீர் ஓடும் குழாய்களைத் தாண்டிப் போகும்போது ஆறும். 1967இல் முதலாவது மாடல் 91, நாசாவுக்குப் போனது.

1980 நவம்பரில் ஐபிஎம் அறிவித்த 3081 கணினியில் ஒரு படி முன்னே போனார்கள். ஒரு பெட்டிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சில்லுகள். ஒவ்வொரு சில்லின் தலையிலும் ஸ்பிரிங் வைத்து அழுத்திய ஒரு சிறிய அலுமினியப் பிஸ்டன். உள்ளே ஹீலியம் வாயு. மேலே தண்ணீர் ஓடும் ஒரு தட்டு. தண்ணீர் சில்லைத் தொடாது. உலோகம் சூட்டை வாங்கித் தண்ணீருக்குக் கொடுக்கும். இன்று 'வாட்டர் பிளொக்' என்று கடையில் விற்கும் செம்புக் கட்டியின் வேலையும் இதேதான். தம்பியின் பட்டியலில் அதுதான் முதல் சாமான்.

இன்னொரு பக்கம் சீமோர் கிரே என்ற பொறியியலாளர். அவருடைய கிரே-1 கணினி 1976இல் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்துக்குப் போனது. வட்டமாக, சுற்றிவர இருக்கை போட்டது போல இருக்கும். அந்த இருக்கைக்குக் கீழேதான் மின்வழங்கிகள். குளிர்சாதனப் பெட்டியில் ஓடும் ஃபிரியோனைக் குழாய்களில் ஓடவிட்டு அதை ஆற்றினார்கள். தொடக்கப் பரிசோதனைகளில் குழாய் ஒட்டுகளில் நுண்ணிய கசிவு ஏற்பட்டு, ஃபிரியோனோடு கலந்திருந்த எண்ணெய் சர்க்கிட் பலகைகளில் படிந்தது. ஒட்டும் முறையையே மாற்ற வேண்டியிருந்தது. உலகத்தின் வேகமான கணினியைச் செய்தவர்களே முதலில் கசிவில்தான் அடிபட்டார்கள் என்பதைத் தம்பிக்கு அழுத்திச் சொன்னோம்.

1985இல் வந்த கிரே-2இல் அவர் குழாய்களை விட்டுவிட்டு, மின் கடத்தாத ஃபுளோரினர்ட் என்ற திரவத்துக்குள் சர்க்கிட் பலகைகளையே முக்கிவிட்டார். பக்கத்தில் கண்ணாடித் தொட்டிகளில் அந்தத் திரவம் அருவிபோல் விழுவது தெரியும். கண்ணாடி வழியாக ஓடும் திரவத்தைப் பார்த்து ரசிக்கும் ஆசை இன்றைய பிள்ளைகளுக்கு மட்டும் வந்ததல்ல.

பிறகு ஒரு திருப்பம். 1990களில் பெரிய கணினிகள் சிமொஸ் என்ற சில்லு வகைக்கு மாறின. அது மிகக் குறைந்த மின்சாரத்தில் வேலை செய்தது. 1994இல் ஐபிஎம் கொண்டுவந்த புதிய சிமொஸ் பெருங்கணினிகளுக்குக் காற்றே போதும் என்றாகிவிட்டது. முப்பது வருடம் தண்ணீர்க் குழாயோடு வாழ்ந்தவர்கள் ஒரே அடியில் அதைக் கழற்றி வைத்தார்கள். தண்ணீர் அழகுக்காக வந்ததில்லை. சூடு அதிகமான இடத்துக்கு வந்தது, சூடு குறைந்ததும் போனது.

இதைச் சொன்னபோது தம்பியிடம் நேராகவே கேட்டோம்: "உன் வேலைக்குத் தண்ணீர் உண்மையில் தேவையா மகன்? நல்ல ஒரு காற்றாடிக் கூலர் இதில் கால்வாசி விலைக்கு வரும்."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "தேவையில்ல எண்டு எனக்கும் தெரியும் சேர். ஆனா நான் இத ஒருக்கா என்ட கையால செஞ்சுட்டனெண்டா, மற்றவங்களுக்கும் செஞ்சு குடுக்கலாம். கொழும்புக்குப் போய்த்தான் செய்யணும் எண்டு இல்லாம இருக்கட்டும்."

நாங்கள் அதற்கு மேல் தடுக்கவில்லை. தொழில் பழகச் செலவழிக்கும் காசு வேறு, படம் பார்த்து ஆசைப்படும் காசு வேறு. ஆனால் தொழில் என்றால் அண்ணனின் காசில் பிழை விடக்கூடாது. பட்டியலைத் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தோம்.

*

வீட்டுக் கணினிக்குத் தண்ணீர் வந்த கதை தனி.

386 காலத்தில் சில்லுக்கு ஹீட்சிங்க்கே தேவைப்படவில்லை. 1998இல் இன்டெல், செலரோன் 300ஏ என்ற மலிவான சில்லை விற்றது. 300 மெகாஹேர்ட்ஸ் என்று விற்ற அந்தச் சில்லைப் பலர் 450க்கு ஓடவைத்தார்கள். மலிவுச் சாமானை விலைகூடிய சாமான் போல ஓட்டும் இந்த ஆசை உலகம் முழுக்கப் பரவியது. வேகம் கூடினால் சூடும் கூடும். அதை ஆற்றக் கடையில் சாமான் இல்லாததால் கிடைத்ததைப் பொருத்தினார்கள். மீன் தொட்டிப் பம்பு. பழைய கார்களின் உள்ளே சூடு தருவதற்காக இருந்த சிறு ரேடியேட்டர். அமெரிக்காவில் 1977 பொன்டியாக் பொன்வில் காரின் ரேடியேட்டருக்கு இதற்காகவே பெயர் இருந்தது. வீட்டில் அராவித் துளைத்த செம்புக் கட்டி. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய். இன்றைய பட்டியலில் இருக்கும் ரேடியேட்டரின் தாத்தா காருக்குள் இருந்தவர்தான். மாமாவுக்கு அந்தச் செட் பார்த்தவுடன் பிடிபட்டதற்குக் காரணமும் அதுதான்.

சிலர் இன்னும் குளிர வேண்டும் என்று, மின்சாரம் விட்டால் ஒரு பக்கம் குளிரும் பெல்டியர் தட்டுகளை இடையில் வைத்தார்கள். சில்லு அறையை விடக் குளிர்ந்தது. குளிர்ந்த உலோகத்தில் காற்றிலுள்ள ஈரம் வியர்த்து, சர்க்கிட்டில் சொட்டியது. வாவிக்கரையில் இருக்கும் நமக்கு இது முக்கியமான பாடம். வாடைக் காலத்தில் நம் வீடுகளில் உப்புக் கூட இளகிக் கிடக்கும். இங்கே அறை வெப்பநிலைக்குக் கீழே எதையும் குளிர்விக்க நினைக்கக்கூடாது. ரேடியேட்டரால் தண்ணீரை அறைச் சூட்டுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. நமக்கு அதுவே பாதுகாப்பு.

பிறகு இதற்கென்றே நிறுவனங்கள் வந்தன. பம்பில் மட்டும் ஒரு பெயர் நிலைத்தது: டி5. லெயிங் என்ற நிறுவனம் வீடுகளில் சுடுதண்ணீர் சுற்றி ஓடுவதற்காகச் செய்த பம்பு வகையைச் சேர்ந்தது அது. வருடக்கணக்கில் நிறுத்தாமல் ஓடும்படி செய்தது என்பதால் கணினி ஆட்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதன் அச்சுக்கு எண்ணெய் கிடையாது. ஓடும் தண்ணீரே எண்ணெய். வறண்டு ஓடினால் கெட்டுவிடும். அதனால் தண்ணீர்ப் போத்தல் எப்போதும் பம்புக்கு மேலே இருக்க வேண்டும். "லேண்ட்மாஸ்டருக்குத் தண்ணி பாக்குற மாதிரித்தானே சேர்" என்றான் தம்பி. அதேதான்.

*

அடுத்தது குழாய் மூட்டுகள். பட்டியலில் 'ஜி கால்' என்று எழுதியிருந்தது. அது என்ன என்று தம்பி கேட்டான்.

இந்தக் கேள்விக்குப் பதில் நம் களுவாஞ்சிகுடி ஹாட்வெயார் கடையில் தொங்குகிறது. 1841இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வேர்த் என்பவர், ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டுவதை நிறுத்த ஒரே அளவான மரை முறையை முன்வைத்தார். அந்தக் காலத்தில் ஒரு பட்டறையில் செய்த ஆணி மற்றப் பட்டறை நட்டில் ஏறாது. விட்வேர்த்தின் மரை வடிவத்திலிருந்து பிரித்தானியக் குழாய் மரை அளவுகள் வந்தன. ஆட்சியோடு சேர்ந்து அவை இலங்கைக்கும் வந்தன. நம் வீட்டு அரை இஞ்சித் தண்ணீர் பைப்பில் இருப்பது அந்தக் குடும்பத்து மரைதான். கணினி மூட்டில் இருப்பது அதே குடும்பத்தின் கால் இஞ்சித் தம்பி; ஒரு இஞ்சிக்கு 19 மரை. ஸ்லோவேனியாவில் செய்த பிளொக்கும் சீனாவில் செய்த மூட்டும் ஒன்றோடொன்று பொருந்துவது இதனால்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு. வீட்டுப் பைப்புக்கு நூல் அல்லது வெள்ளை டேப் சுற்றி இறுக்குகிறோம். இங்கே மரை தண்ணீரைத் தடுப்பதில்லை. அடியில் இருக்கும் ரப்பர் வளையந்தான் தடுக்கிறது. டேப் சுற்றவும் கூடாது, ஸ்பானரால் முறுக்கவும் கூடாது. கையால் இறுக்கினால் போதும். அளவுக்கு மீறி இறுக்கினால் அக்ரிலிக் வெடிக்கும். பைப் வேலை தெரிந்தவர்கள்தான் இந்த இடத்தில் அதிகம் பிழை விடுவார்கள்.

*

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம்.

1761இல் பிரித்தானியக் கடற்படை 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்தைச் செம்புத் தகட்டால் மூடியது. கடற்புழு மரத்தைத் தின்னாமல் தடுக்கத்தான். கப்பல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்த் திரும்பியது. 1763இல் பார்த்தபோது செம்பு நன்றாக இருந்தது. ஆனால் செம்பைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. தகடு சுற்றி வந்த கடதாசி இடையில் தப்பியிருந்த இடங்களில் மட்டும் இரும்பு பிழைத்திருந்தது. காரணம் அப்போது யாருக்கும் விளங்கவில்லை. 1780களில் கல்வானி தவளைக் காலிலும், 1800இல் வோல்டா தன் மின்கலத்திலும் காட்டிய பிறகுதான் விளங்கியது: இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒரே ஈரத்தில் தொடர்பு கொண்டால் அது ஒரு மின்கலம். தாக்கம் கூடிய உலோகம் கரையும்.

தரம் 10, 11இல் படிப்பிக்கும் தாக்கவீதத் தொடரில் அலுமினியம் மேலே, செம்பு மிகக் கீழே. இரண்டையும் ஒரே தண்ணீரில் சுற்றவிட்டால் அலுமினிய ரேடியேட்டர் உள்ளிருந்து அரிக்கும். அரித்த தூள் செம்புப் பிளொக்கின் மயிரிழை போன்ற பிளவுகளில் போய் அடைக்கும். மாதங்கள் கழித்துக் கசியும். கார்களில் அலுமினியமும் வேறு உலோகமும் சேர்ந்துதானே இருக்கின்றன என்று தம்பி கேட்டான். மாமா பதில் சொன்னார்: "அதுக்கெண்டுதானே மருந்து கலந்த கூலண்ட். அதையும் மாத்தாம விட்டவன்ட கார்தான் என்ட கராஜில நிக்கிது."

ஆகவே ரேடியேட்டர் செம்பும் பித்தளையும், பிளொக் செம்பு அல்லது நிக்கல் பூசிய செம்பு, மூட்டு நிக்கல் பூசிய பித்தளை. அலுமினியம் தண்ணீரைத் தொடவே கூடாது. மலிவுச் செட் அந்த இடத்தில் பட்டியலிலிருந்து வெளியேறியது.

பெரிய நிறுவனங்களும் இந்தப் பாதையில் சறுக்கியிருக்கின்றன. 2004இல் அப்பிள், பவர் மெக் ஜி5இன் வேகமான ரகத்தைத் திரவக் குளிரூட்டலோடு விற்றது. வருடங்கள் போகப் போக அவற்றில் பல கசிந்து, உள்ளே இருந்த பலகைகளைக் கெடுத்தன. பூட்டிய பெட்டி என்பதால் உரிமையாளருக்குக் கசிவு கண்ணில் படவில்லை. தெளிவான குழாயில் குறைந்தபட்சம் தண்ணீர் மட்டம் தெரியும், நிறம் மாறுவது தெரியும்.

*

இந்த விறைப்பான குழாய் எப்போது வந்தது?

நெடுங்காலம் எல்லோரும் இளகிய குழாய்தான் போட்டார்கள். அதில் ஒரு குறை. குழாயை இளக்கமாக வைக்கும் இரசாயனம் மெல்லமெல்லத் தண்ணீரில் கரைந்து, பிளொக்கின் பிளவுகளில் பசைபோலப் படியும். சிலர் செப்புக் குழாயும் கண்ணாடிக் குழாயும் முயன்றார்கள். 2010களின் முற்பகுதியில் விறைப்பான பிளாஸ்டிக் குழாய்க்கென்று மூட்டுகள் சந்தைக்கு வந்தபின்தான் இது பரவலானது.

இரண்டு வகை. ஒன்று அக்ரிலிக். 1930களில் பிளெக்ஸிகிளாஸ், பெர்ஸ்பெக்ஸ் என்ற பெயர்களில் வந்து, இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானங்களின் விமானி மூடியாக ஆன பொருள். கண்ணாடிபோல் தெளிவு, சூடும் தாங்கும், ஆனால் பிழையாக வெட்டினால் வெடிக்கும். மற்றது பெட்ஜி. தண்ணீர்ப் போத்தல் செய்யும் பிளாஸ்டிக்கின் உறவு. வளைக்க இலகு, வெடிக்காது. ஆனால் 80 பாகை செல்சியஸ் அளவில் இளகிவிடும் என்பதால் தண்ணீரை 60க்கு நன்றாகக் கீழே வைத்திருக்க வேண்டும்.

இங்கேதான் நம் ஊர்க் கணக்கு வருகிறது. வெளிநாட்டு வீடியோக்களில் அறை 21 பாகை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பழுகாமத்து அறை 33 பாகை. ரேடியேட்டர் போதுமான அளவாக இருந்தால் தண்ணீர் அறையை விட 10 பாகை கூட நிற்கும்: 43. ரேடியேட்டர் சிறிதாக இருந்தால் அந்த வித்தியாசம் 20 ஆகும்: 53. அங்கே சமாளிக்கும் சிறிய ரேடியேட்டர் இங்கே குழாயையும் பம்பையும் எல்லைக்குக் கிட்டக் கொண்டுபோகும். 100 வாட் சூட்டுக்கு ஒரு 120 மில்லிமீற்றர் விசிறியளவு ரேடியேட்டர் என்பது பாதுகாப்பான கைக்கணக்கு. தம்பியின் கணினியில் இரண்டு முக்கிய சில்லுகளும் சேர்த்து 400 வாட். நான்கு விசிறியளவு போதும், ஐந்தாக எடுத்தோம். அண்ணனின் காசில் கூடச் செலவழித்த ஒரே இடம் இது.

குழாயை எந்த ஒழுங்கில் கொண்டுபோவது என்றும் தம்பி யோசித்திருந்தான். முதலில் எது, பிறகு எது? கரும்பலகைக் கணக்குப் போட்டுக் காட்டினோம். 400 வாட் என்றால் நிமிடத்துக்கு 24,000 ஜூல். பம்பு நிமிடத்துக்கு 4 லீற்றர் ஓட்டினால், ஒரு பாகை கூட 16,800 ஜூல் வேண்டும். அப்படியானால் ஒரு சுற்றில் தண்ணீர் கூடுவது ஒன்றரைப் பாகைக்குள். எந்த ஒழுங்கில் போனாலும் பெரிய வித்தியாசமில்லை. வளைவு குறைந்த பாதையைத் தெரிவு செய்தால் போதும். வளைவு குறைந்தால் பிழையும் குறையும்.

*

கடைசியாகத் தண்ணீர்.

நம் கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படைதான் பிளொக்குக்குள்ளும் படியும். வாவிக்குக் கிட்ட உள்ள கிணறுகள் சில கோடையில் உவர்க்கும். வடித்த தண்ணீர், அதோடு அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்து. கராஜில் கிடக்கும் பற்றரித் தண்ணீர்ப் போத்தலை எடுப்பதாக இருந்தால் அது வெறும் வடித்த தண்ணீரா, பற்றரி அமிலமா என்று நூறு தரம் பார்க்க வேண்டும். பால்போன்ற நிறத் திரவங்களில் இருக்கும் நுண்தூள் நாளடைவில் அடியில் படியும், அதையும் விட்டோம். நீலம் வேண்டும் என்றால் பெட்டிக்குள் நீல லைட் போடலாம் என்றோம். தம்பிக்கு அது கொஞ்சம் கவலைதான்.

மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு திறப்பு வால்வு வைக்கச் சொன்னோம். விறைப்பான குழாயை வளைத்துத் தண்ணீரை ஊற்ற முடியாது. இந்தச் சின்னச் சாமான் பட்டியலில் இருக்கவே இல்லை. அதைச் சேர்த்ததும் பன்னிரண்டு ஆனது.

*

அண்ணன் வந்தார். சாமான்கள் வந்தன. மூன்று பின்னேரங்கள் கராஜில் இருந்தோம். குழாய்க்குள் சிலிக்கன் கயிறு விட்டு, சூடான காற்றில் உருட்டி வளைக்க வேண்டும். முதல் நான்கு வளைவுகள் நசுங்கிப்போயின. ஐந்தாவது சரியாக வந்தது.

தண்ணீர் விடுமுன் காற்றுச் சோதனை. சைக்கிள் பம்பாலும் ஒரு அழுத்தமானியாலும் அரை பார் அளவு காற்று அடித்து மூடி வைத்தோம். கால் மணித்தியாலத்தில் முள் இறங்கியது. சவர்க்கார நுரை பூசித் தேடினோம். ஒரு மூட்டில் குமிழி. கழற்றிப் பார்த்தால், வெட்டிய குழாயின் ஓரத்தைத் தம்பி மழுக்காமல் விட்டிருந்தான்; அந்தக் கூர் ரப்பர் வளையத்தைக் கீறியிருந்தது. கிரே-1க்கு நடந்தது சின்ன அளவில் எங்களுக்கும் நடந்தது. எங்களிடம் கசிந்தது காற்று என்பதால் ஒரு ரப்பர் வளையத்தோடு நட்டம் முடிந்தது. தண்ணீர் விட்டிருந்தால், அண்ணன் நாற்பது பாகை வெயிலில் உழைத்த காசு அந்தப் பலகையில் போயிருக்கும். அண்ணனும் அப்போது பக்கத்தில்தான் நின்றார். ஒன்றும் பேசவில்லை, போய் எல்லோருக்கும் பிளேன்டீ கொண்டுவந்தார்.

புது வளையம் போட்டு ஒரு இரவு முழுக்க விட்டோம். காலையில் முள் அசையவில்லை. பிறகு மற்ற எல்லா மின்தொடர்பையும் கழற்றிவிட்டு, பம்பை மட்டும் ஓடவிட்டுத் தண்ணீர் நிரப்பினோம். அல்ஹம்துலில்லாஹ், ஒரு சொட்டும் வரவில்லை.

உலகத்தில் இந்தக் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சில்லுகள் திரும்பவும் சூடாகிவிட்டதால் பெருங்கணினிகள் 2008 அளவில் தண்ணீருக்குத் திரும்பின. 2010இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் அக்வாசார் என்ற கணினியைச் சுடுதண்ணீராலேயே ஆற்றி, வந்த சூட்டைப் பல்கலைக்கழகக் கட்டடத்துக்குக் குளிர்காலச் சூடாகக் கொடுத்தார்கள். 2022இல் உலகின் வேகமான கணினியான அமெரிக்காவின் ஃபிரொன்டியரும் தண்ணீரால்தான் ஆறுகிறது. போர்க்காலத்தில் விளக்குக்கு மின்சாரம் இல்லாமல் இருந்த படுவான்கரைக் கிராமங்கள் பல. அங்கிருந்து ஒரு பிள்ளை இந்த வரிசையில் வந்து நின்றது எங்களுக்குச் சந்தோசம்.

தம்பியின் கணினி இப்போது வேலை செய்கிறது. இந்தக் கச்சானில் தண்ணீர் 44 பாகையைத் தாண்டவில்லை. மட்டக்களப்பிலிருந்து ஒருவர் தனக்கும் ஒன்று செய்து தரக் கேட்டிருக்கிறார். நசுங்கிய நான்கு குழாய்த் துண்டுகளையும் கீறிய ரப்பர் வளையத்தையும் கேட்டு வாங்கி வந்தோம். பாடசாலை விஞ்ஞானகூட அலுமாரியில் வைத்திருக்கிறோம். தாக்கவீதத் தொடர் படிப்பிக்கும் நாளில் மாமாவைக் கூப்பிட்டு, அரித்துப்போன ஒரு ரேடியேட்டரோடு வரச் சொல்லியிருக்கிறோம். வருவதாகச் சொன்னார்.

உங்கள் ஊர் நெல் ஆலையில் அந்தப் பழைய தண்ணீர்த் தொட்டி இன்னும் நின்றால், ஒரு படம் எடுத்துப் போடுங்கள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.